இமாம் ஷாபிஈ (றஹ்): ஒரு சாண் உயரக் கப்றை விரும்பியவரின் வாழ்வும் அடக்கஸ்தலமும்

இலங்கையில் ஒரு முஸ்லிம் பிள்ளை தொழப் பழகும்போதே ஒரு மனிதரின் ஆய்வுக்குள் காலடி வைத்து விடுகிறது. ஸுபஹ் தொழுகையில் குனூத் ஓதுவது, பாத்திஹாவின் தொடக்கத்தில் பிஸ்மியைச் சத்தமிட்டு ஓதுவது என்று நாம் அன்றாடம் செய்யும் எத்தனையோ அமல்கள் அவர் வழியாகவே நம்மிடம் வந்தன. மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் பத்ஹுல் முஈனும் அவருடைய மத்ஹபின் நூல்தான். நிக்காஹ், வாரிசுரிமை விடயங்களில் மத்ஹப் எது என்று கேட்டால் நம்மில் மிகப் பெரும்பாலானோர் சொல்லும் பெயரும் அவருடையதுதான்.

அவர் இமாம் முஹம்மத் பின் இத்ரீஸ் அஷ்ஷாபிஈ (றஹ்) அவர்கள். பெயரை அறிந்த அளவுக்கு அவர்களின் வாழ்வை நாம் அறிந்திருக்கவில்லை. ஸியாரங்கள் பற்றியும் கப்றுகள் பற்றியும் நமது ஊர்களில் சூடான வாதங்கள் நடக்கும்போது இரு தரப்பினரும் அவர்களின் மத்ஹபையே ஆதாரம் காட்டுகிறார்கள். ஆனால் அவர்களின் கப்றே இந்த வாதத்தின் நடுவில் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்த வாழ்வையும் அந்தக் கப்றின் கதையையும் சேர்த்துப் படித்தால், கருத்து வேறுபாட்டை எப்படிச் சுமப்பது என்பதற்கு நமக்கு ஒரு பாடம் கிடைக்கும்.

காஸாவில் பிறந்த யதீம்

ஹிஜ்ரி 150ஆம் ஆண்டு (கி.பி. 767) இமாம் அபூஹனீபா (றஹ்) அவர்கள் பக்தாதில் வபாத்தானார்கள். அதே ஆண்டில் பலஸ்தீனின் காஸாவில் இமாம் ஷாபிஈ அவர்கள் பிறந்தார்கள். இன்று நாம் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருக்கும் அதே காஸாதான். குறைஷிக் கோத்திரத்தில், நபி (ஸல்) அவர்களின் குடும்பத்தோடு நெருங்கிய உறவுள்ள முத்தலிப் கிளையைச் சேர்ந்தவர்கள். தந்தை மிக இளமையிலேயே மறைந்து விட்டார். பரம்பரை மறந்து போகக் கூடாது என்ற கவலையில், இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் மக்காவுக்கு வந்து சேர்ந்தார்.

வீட்டில் வறுமை. ஓதிக் கொடுக்கும் ஆசிரியருக்குக் கொடுக்கவும் பணமில்லை. ஆனால் ஆசிரியர் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டே இவர்கள் மனனம் செய்து விடுவார்கள். ஆசிரியர் எழுந்து போனால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் இவர்கள்தான். அந்த உதவியையே ஆசிரியர் கூலியாக ஏற்றுக்கொண்டார். ஏழு வயதில் குர்ஆனை மனனமிட்டார்கள். கடதாசி வாங்க வழியில்லாததால் எலும்புத் துண்டுகளிலும், அரசாங்கக் காரியாலயத்தில் எழுதிக் கழித்த தாள்களின் மறுபக்கத்திலும் ஹதீஸ்களை எழுதி வைத்தார்கள். வீட்டிலிருந்த ஒரு பானை அந்த எலும்புகளால் நிரம்பியிருந்ததாக வரலாறு சொல்கிறது.

தூய அரபு மொழியைக் கற்பதற்காகப் பாலைவனத்து ஹுதைல் கோத்திரத்தாரோடு சென்று வாழ்ந்தார்கள். அவர்களின் கவிதைகளை மனனம் செய்தார்கள். அம்பெய்வதிலும் தேர்ச்சி பெற்றார்கள். பத்து அம்பு எய்தால் பத்தும் குறியில் படும் அளவுக்குப் பயிற்சி இருந்தது. பின்னர் மக்காவின் முப்தி முஸ்லிம் பின் காலித் அஸ்ஸன்ஜியிடமும், ஹதீஸ் மேதை ஸுப்யான் பின் உயைனாவிடமும் கல்வி கற்றார்கள். பதினைந்து வயதளவிலேயே பத்வா வழங்க அனுமதி கிடைத்தது.

அனுமதி கிடைத்ததோடு திருப்தியடையவில்லை. இமாம் மாலிக் (றஹ்) அவர்களின் முவத்தாவை முன்கூட்டியே மனனம் செய்துகொண்டு மதீனாவுக்குப் போனார்கள். ஹிஜ்ரி 179இல் (கி.பி. 795) இமாம் மாலிக் வபாத்தாகும் வரை அவர்களின் மாணவராக இருந்தார்கள்.

சங்கிலியோடு கலீபாவின் முன்னால்

ஆசிரியர் மறைந்த பின் வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொழில் தேவைப்பட்டது. யெமனுக்குச் சென்று நஜ்ரான் பகுதியில் அரச பணியில் சேர்ந்தார்கள். அங்கு நீதியோடு நடந்ததால் செல்வாக்குள்ளவர்களின் பகையைச் சம்பாதித்தார்கள். அப்பாஸிய ஆட்சிக்கு எதிராக அலி (ரழி) அவர்களின் வழித்தோன்றல்களை ஆதரிக்கிறார் என்று அவர்கள் மீது குற்றம் சுமத்தப்பட்டது. அன்றைய காலத்தில் அது தலை போகும் குற்றச்சாட்டு.

ஹிஜ்ரி 184இல் இன்னும் சிலரோடு விலங்கிடப்பட்டு கலீபா ஹாரூன் றஷீதின் முன்னிலைக்குக் கொண்டு வரப்பட்டார்கள். உடன் வந்தவர்கள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இமாமவர்கள் தமது தரப்பை அமைதியாக எடுத்துச் சொன்னார்கள். அந்தச் சபையில் அவர்களுக்காகப் பேசியவர் காழி முஹம்மத் பின் ஹஸன் அஷ்ஷைபானி (றஹ்). இவர் இமாம் அபூஹனீபாவின் நேரடி மாணவர். ஹிஜாஸ் அறிஞர்களின் வழிமுறையை எழுத்தில் விமர்சித்தவர். மாலிக்கின் மாணவர் ஒருவரின் உயிரைக் காப்பாற்ற முன்வந்தவர் அவர்தான்.

விடுதலையான பின் இமாமவர்கள் அவரிடமே அமர்ந்து ஈராக்கிய அறிஞர்களின் சட்டக் கலையைப் படித்தார்கள். அவரோடு வாதம் செய்தார்கள், பல விடயங்களில் உடன்படவில்லை, ஆனால் அவரிடமிருந்து ஓர் ஒட்டகச் சுமை அளவு அறிவை எழுதிக்கொண்டதாக வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைவு கூர்ந்தார்கள். மதீனாவின் ஹதீஸ் வழியும் கூபாவின் ஆய்வு வழியும் ஒரே மனதில் சந்தித்தது இந்த இடத்தில்தான்.

அதன் பயனை உலகம் விரைவிலேயே கண்டது. மக்காவுக்குத் திரும்பி ஹரமில் பாடம் நடத்தினார்கள். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (றஹ்) அவர்கள் அந்த வட்டத்தில் அமர்ந்தவர்களில் ஒருவர். ஹிஜ்ரி 195இல் மீண்டும் பக்தாதுக்குச் சென்றார்கள். ஹதீஸ் அறிஞர் அப்துர் றஹ்மான் பின் மஹ்தியின் வேண்டுகோளுக்கிணங்க எழுதிய நூல்தான் அர்ரிஸாலா. குர்ஆன், ஸுன்னா, இஜ்மா, கியாஸ் ஆகியவற்றை எந்த ஒழுங்கில், எந்த நிபந்தனைகளோடு கையாள வேண்டும் என்று அந்நூல் வகுத்துக் காட்டியது. உஸூலுல் பிக்ஹ் என்ற கலையின் முதல் நூலாக உலமாக்கள் இதையே கருதுகிறார்கள்.

தமது கருத்தையே மாற்றிக்கொண்டவர்

ஹிஜ்ரி 199 அளவில் இமாமவர்கள் எகிப்துக்குப் புறப்பட்டார்கள். அப்போது கெய்ரோ என்ற நகரம் இல்லை. புஸ்தாத் என்ற நகரமே இருந்தது. அங்கே அம்ர் பின் ஆஸ் (ரழி) அவர்கள் கட்டிய பள்ளிவாசலில் பாடம் நடத்தினார்கள். காலையில் குர்ஆன் படிப்போர் வருவார்கள். பின் ஹதீஸ் மாணவர்கள், பின் வாதக் கலை பயில்வோர், பின் மொழியும் கவிதையும் கற்போர் என்று நண்பகல் வரை வட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இரவை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியை எழுதவும் ஒரு பகுதியைத் தொழவும் ஒரு பகுதியைத் தூங்கவும் செலவிட்டதாக மாணவர் றபீஃ பின் ஸுலைமான் அறிவிக்கிறார்.

ஏறக்குறைய ஐந்து வருடங்களே அவர்கள் எகிப்தில் வாழ்ந்தார்கள். அந்தக் குறுகிய காலத்தில் தமது பக்தாத் காலத்துத் தீர்ப்புகளை மீண்டும் எடுத்துப் பரிசீலித்து, ஆதாரம் வேறாகத் தெரிந்த இடங்களில் மாற்றி எழுதினார்கள். ரிஸாலாவையும் திரும்ப எழுதினார்கள். அல்உம்மு என்ற பெருநூல் உருவானதும் இங்கேதான். பக்தாதில் சொன்னவை பழைய கருத்து என்றும் எகிப்தில் சொன்னவை புதிய கருத்து என்றும் மத்ஹபில் அழைக்கப்படுகின்றன. புகழின் உச்சியில் இருக்கும் ஓர் அறிஞர், தாம் நேற்றுச் சொன்னதை இன்று திருத்திக்கொள்வது எளிதான காரியமல்ல.

இன்னொரு செய்தியும் இதில் உண்டு. மஃரிப் தொழுகையின் நேரம் மிகக் குறுகியது என்பது அவர்களின் புதிய கருத்து. அடிவானத்தின் செம்மை மறையும் வரை நேரம் உண்டு என்பது பழைய கருத்து. பிற்கால ஷாபிஈ அறிஞர்கள், குறிப்பாக இமாம் நவவி (றஹ்), ஹதீஸ் ஆதாரத்தைப் பார்த்துப் பழைய கருத்தையே தேர்ந்தெடுத்தார்கள். நாமும் இன்று அதன்படியே தொழுகிறோம். ஸஹீஹான ஹதீஸ் கிடைத்தால் அதுவே தமது மத்ஹப் என்று இமாமவர்கள் கற்றுக்கொடுத்திருந்ததால், அவர்களின் இறுதி முடிவோடு மாறுபடுவதும் அவர்களைப் பின்பற்றுவதாகவே கொள்ளப்பட்டது.

மாணவர் யூனுஸ் அஸ்ஸதபி ஒரு நாள் ஒரு மஸ்அலாவில் இமாமவர்களோடு வாதம் செய்து, கருத்து ஒத்துப் போகாமல் பிரிந்து சென்றார். பின்னர் சந்தித்தபோது இமாமவர்கள் அவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு விடயத்தில் உடன்படாவிட்டாலும் நாம் சகோதரர்களாக இருக்க முடியாதா என்ற கருத்தில் கேட்டார்களாம். அவர்களைவிட அறிவுள்ள ஒருவரைத் தாம் கண்டதில்லை என்று யூனுஸ் பிற்காலத்தில் சொல்லி வந்தார்.

எளிய மரணம்

எகிப்தில் இருந்த காலம் முழுவதும் மூல நோயால் துன்பப்பட்டார்கள். இரத்தப் போக்கு அவர்களை மிகவும் பலவீனப்படுத்தியது. ஹிஜ்ரி 204, றஜப் மாதக் கடைசியில் (கி.பி. 820 ஜனவரி) தமது 54ஆவது வயதில் வபாத்தானார்கள். ஹஸன் (ரழி) அவர்களின் பேரனுடைய மகளான ஸெய்யிதா நபீஸா (றஹ்) அப்போது அந்நகரில் வாழ்ந்து வந்தார்கள். ஜனாஸா அவர்களின் வீட்டுப் பக்கம் கொண்டு செல்லப்பட்டு, அவர்களும் ஜனாஸாத் தொழுகை தொழுததாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பின்னர் முகத்தம் மலையடிவாரத்துக் கறாபாவில், தமக்கு அடைக்கலமாக இருந்த அப்துல் ஹகம் குடும்பத்தாரின் நிலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

கப்று எப்படி இருக்க வேண்டும் என்று இமாமவர்கள் தமது அல்உம்மு நூலிலேயே எழுதியிருக்கிறார்கள். தரையிலிருந்து ஒரு சாண் அளவு உயர்ந்திருப்பது அவர்களுக்கு விருப்பம். அதன் மேல் கட்டடம் எழுப்புவதையும் சுண்ணம் பூசுவதையும் விரும்பவில்லை. அவை அலங்காரத்துக்கும் பெருமைக்கும் உரியவை, மரணம் அவற்றுக்குரிய இடமல்ல என்பது அவர்கள் கூறும் காரணம். முஹாஜிர்கள், அன்ஸார்களின் கப்றுகள் பூசப்பட்டிருக்கத் தாம் கண்டதில்லை என்றும், மக்காவில் கப்றுகளின் மேல் கட்டப்பட்டவற்றை ஆட்சியாளர்கள் இடித்தபோது அங்கிருந்த அறிஞர்கள் ஆட்சேபிக்கவில்லை என்றும் பதிவு செய்திருக்கிறார்கள். அதே வேளை ஒருவரின் சொந்த நிலத்தில் கட்டப்பட்டதற்கும் பொது மையவாடியில் கட்டப்பட்டதற்கும் வேறுபாடு காட்டியிருக்கிறார்கள். கப்றுகளைச் சென்று தரிசித்து, மறுமையை நினைத்து, மரணித்தவருக்காகத் துஆச் செய்வது அவர்களிடம் ஆகுமானதே.

கப்றின் மேல் எழுந்த குப்பா

நெடுங்காலம் அந்தக் கப்று எளிமையாகவே இருந்தது. ஆனால் மத்ஹப் வளர வளரக் கப்றின் மதிப்பும் வளர்ந்தது. ஸல்ஜூக்கிய அமைச்சர் நிழாமுல் முல்க் பக்தாதில் பெரிய மத்ரஸா கட்டியபோது, இமாமின் உடலை அங்கு அனுப்பி வைக்குமாறு எகிப்தைக் கேட்டதாகவும், தோண்டத் தொடங்கியதும் மக்கள் கொதித்தெழுந்ததால் அது கைவிடப்பட்டதாகவும் எகிப்திய வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார்.

1171இல் பாத்திமிய ஆட்சி முடிவுக்கு வந்தது. ஸுன்னத் வல் ஜமாஅத்தை எகிப்தில் மீண்டும் நிலைநாட்ட விரும்பிய சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி, இமாமின் கப்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மத்ரஸாவைக் கட்டினார். 1183இல் அங்கு வந்த பயணி இப்னு ஜுபைர், தனியான ஓர் ஊர் போல அது விரிந்து கிடந்ததாக வியக்கிறார். கப்றின் மேல் நுணுக்கமான செதுக்கு வேலைப்பாடுள்ள மரப் பேழை 1178இல் வைக்கப்பட்டது. 1211இல் ஸலாஹுத்தீனின் சகோதரர் மகன் அல்மலிக் அல்காமில் இன்றுள்ள குப்பாவைக் கட்டினார். அவரது தாயும் அதனுள்ளேயே அடக்கப்பட்டிருக்கிறார். மரத்தால் அமைந்து ஈயத் தகடு போர்த்தப்பட்ட அந்தக் குப்பாவின் உச்சியில் ஒரு சிறிய உலோகப் படகு இருக்கிறது. பறவைகளுக்குத் தானியம் வைப்பதற்காக என்பார்கள் சிலர். அறிவுக் கடலின் அடையாளம் என்பார்கள் வேறு சிலர்.

இந்த இடத்தில் மனதை உறுத்தும் ஒரு சம்பவமும் நடந்தது. ஸலாஹுத்தீனின் மத்ரஸாவுக்குப் பொறுப்பாக இருந்த அறிஞர் கபூஷானி, அகீதாவில் தமக்கு மாற்றமான கருத்துக் கொண்டிருந்த இப்னுல் கீஸானி என்பவர் இமாமுக்குப் பக்கத்தில் அடக்கப்பட்டிருப்பதைச் சகிக்க முடியாமல், அவரின் எச்சங்களைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார். கருத்து மாறுபட்ட மாணவரின் கையைப் பிடித்துக்கொண்ட ஒருவரின் பக்கத்தில், அவரின் பெயராலேயே இது நடந்தது.

குப்பா பற்றிய வாதமும் ஓயவில்லை. கறாபாவிலுள்ள கட்டடங்கள் அனைத்தையும், இமாமின் குப்பா உட்பட, அகற்ற வேண்டும் என்று ஷாபிஈ உலமாக்களில் ஒரு தொகையினர் பத்வா வழங்கியதாக இப்னு ஹஜர் அல்ஹைதமி (றஹ்) தமது துஹ்பாவில் பதிவு செய்கிறார். அந்த நிலம் அப்துல் ஹகம் குடும்பத்தாரின் சொந்த நிலம், எனவே பொது மையவாடியின் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று வேறு ஷாபிஈ அறிஞர்கள் பதில் சொன்னார்கள். இரு தரப்பினரும் அதே இமாமின் மத்ஹபுக்குள் நின்று, அவர்களின் எழுத்தையே ஆதாரமாகக் கொண்டு பேசினார்கள்.

குப்பா நின்றது. 1480இல் சுல்தான் காய்த்பாயும் 1772இல் அலி பேயும் அதைத் திருத்தினார்கள். மக்கள் தமது வழக்குகளையும் முறைப்பாடுகளையும் கடிதமாக எழுதி இமாமின் அடக்கஸ்தலத்துக்குத் தபாலில் அனுப்பும் ஒரு வழக்கமும் அங்கே வேரூன்றியது. எகிப்திய சமூகவியலாளர் ஸெய்யித் உவைஸ் 1960களில் அக்கடிதங்களை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். பூமியில் நீதி கிடைக்காத ஏழைகளின் குரல் அவற்றில் இருந்தது. கேட்க வேண்டியவனிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது உலமாக்களின் கடமை. அந்த ஏழைகள் ஏன் ஒரு கப்றுக்குக் கடிதம் எழுதும் நிலைக்கு வந்தார்கள் என்று கேட்பதும் கடமைதான்.

பல வருடத் திருத்த வேலைகளின் பின்னர் 2021 ஏப்ரலில் குப்பா மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அதைச் சூழவுள்ள பழைய மையவாடியின் பகுதிகள் அண்மைய ஆண்டுகளில் வீதி அமைப்பதற்காக இடிக்கப்பட்டு வருகின்றன.

நமது மண்ணில்

குப்பா திறக்கப்பட்ட அதே காலத்தில் இலங்கை முஸ்லிம்கள் என்ன நிலையில் இருந்தோம் என்பதை மறந்து விடக் கூடாது. 2020இல் கொவிட் தொற்றால் மரணித்தவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிஞ்சுக் குழந்தையின் ஜனாஸாவும் அதில் தப்பவில்லை. 2021 மார்ச் மாதத்தில்தான் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்கம் செய்ய வழி பிறந்தது. மூவாயிரத்துக்கும் அதிகமான உடல்கள் அந்த மண்ணில் அடக்கப்பட்டன. அங்கே முஸ்லிமல்லாதவர்களும் உறங்குகிறார்கள்.

அந்த மாதங்களில் தரீக்காக்காரரும் தௌஹீத்காரரும் ஜமாஅத்காரரும் ஒரே துஆவைத்தான் கேட்டோம். குப்பா வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எவரும் பேசவில்லை. நமது மையித்துக்குக் கொஞ்சம் மண் வேண்டும் என்பதே எல்லோரின் கோரிக்கையாக இருந்தது. இமாமவர்கள் விரும்பிய அந்த ஒரு சாண் கப்றின் மதிப்பு அப்போதுதான் நமக்கு முழுமையாக விளங்கியது.

அந்தக் கஷ்டம் நீங்கியதும் பழைய பிளவுகள் திரும்பி வந்தன. ஒரு ஸியாரத்தின் பெயரால் ஊர் இரண்டாகிறது, சலாம் சொல்வது நிற்கிறது, சம்பந்தம் பேசுவது நிற்கிறது. 2011இல் அனுராதபுரத்தில் ஒரு ஸியாரத்தை வெளியார் வந்து இடித்தபோதுகூட, அதற்காகக் கவலைப்படுவதா இல்லையா என்பதில் நம்மிடையே ஒருமித்த குரல் எழவில்லை.

கப்றின் மேல் கட்டடம் எழுப்புவது பற்றி இமாமவர்களின் நிலைப்பாடு தெளிவானது. அதை மறைக்கவும் தேவையில்லை, மழுப்பவும் தேவையில்லை. புதிதாகக் கப்றுகளைக் கட்டுவோர் அதைப் படிக்க வேண்டும். ஆனால் எதிர்த் தரப்பின் ஆசிரியரிடம் உயிர்க்கடன் பட்டதும், தமது கருத்தையே மாற்றி எழுதியதும், பிரிந்து போன மாணவரின் கையைப் பிடித்துக்கொண்டதும் அதே இமாமவர்கள்தான். அவர்களின் பத்வாவை எடுத்துக்கொண்டு அவர்களின் அதபை விட்டு விடுவது பாதிப் பின்பற்றலாகவே இருக்கும்.

மேலே குப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் கப்றினுள் இருப்பவர்களுக்கு நமது துஆவே தேவை. நாளை ஸுபஹில் குனூத் ஓதக் கை உயர்த்தும்போது, கடதாசி வாங்க வழியின்றி எலும்பில் எழுதிப் படித்த அந்த யதீம் பிள்ளையையும் நினைத்துக்கொள்வோம். அல்லாஹ் அவர்களின் கப்றை ஒளிமயமாக்கி, அவர்களின் அறிவோடு அவர்களின் அதபையும் நமக்குத் தந்தருள்வானாக.